வேப்பமரத்து வளைவில் நான் சொல்லாதது

எனது பெயர் கேதீஸ்வரன் தனுசியா. வயது பதினேழு. சமயம் சைவம். கோப்பாயில் எங்கள் குறிச்சி முருகன் கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கையில் தந்தையாரோடு வசித்து வருகிறேன். தந்தையார் லான்ட்மாஸ்ரர் என்கின்ற சிறிய உழவு இயந்திரம் வைத்துத் தோட்டம் உழுது கொடுப்பவர். தாயார் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அம்மா வெளிநாடு போனபடியால் நின்றதாக எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். அது முழுக் காரணம் அல்ல. வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அம்மா போனது எனக்கு ஒரு சாட்டாகக் கிடைத்தது.

இந்த வாக்குமூலத்தை எழுதித் தரலாமா என்று கேட்டேன். வாயால்தான் சொல்லவேண்டும், தான் எழுதுவதாகப் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் கூறினார். ஆகையால் சொல்கிறேன். நான் கேட்டுக்கொண்டபடி தந்தையார் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறார். அவரை இங்கிருந்து பார்க்கலாம். நான் சொல்வது அவருக்குக் கேட்காது.

இறந்தவரான மயூரதன் என்பவரை நான் மயூரதன் அண்ணை என்று அழைப்பேன். அவருடைய வீடு ஒழுங்கை திரும்புகின்ற வேப்பமரத்து வளைவில் இருக்கிறது. அவரும் மனைவி சுவர்ணா அக்காவும் அவருடைய தாயாரும் தம்பி லோஜனும் அந்த வீட்டில் இருந்தார்கள். சென்ற வருடம் லோஜன் மோட்டார் சைக்கிளில் விழுந்து நினைவில்லாமல் கிடந்தபோது, பிழைத்தால் அவனுக்குத் தூக்குக்காவடி எடுப்பிப்பதாகத் தாயார் முருகனுக்கு நேர்ந்திருந்தார். இந்த வருட வைகாசி விசாகத்துக்கு அந்த நேர்த்தியை நிறைவேற்றுவதென முடிவாகி, காவடியை எங்கள் லான்ட்மாஸ்ரரில் கட்டுவதென்று அப்பா ஒத்துக்கொண்டார்.

அப்பா வழக்கமாக இரும்புக் குழாயால் காவடி கட்டுவார். லான்ட்மாஸ்ரரின் பின்னால் இழுபடுகின்ற பெட்டியின் மேல் ஒரு நீளக் கை இருக்கும். அதிலிருந்து கயிறுகளில் ஆள் குப்புறத் தொங்குவார். ஒழுங்கை திரும்பும் இடத்தில் தொங்குகிறவர் வேலியில் முட்டாமலிருக்க அந்தக் கையை உயர்த்துவார்கள்.

விசாகத்துக்கு முந்திய கிழமை சோளகக் காற்றுக்கு ஒரு காய்ந்த தென்னம் மட்டை விழுந்து, வேப்பமரத்து வளைவில் போகின்ற மின்கம்பிகளில் ஒன்று இறங்கிவிட்டது. வேப்பங் கிளைகளுக்குள் போவதால் கீழே நின்று பார்த்தால் அது இறங்கியிருப்பது தெரியாது. காவடிப் பாதையை நடந்து பார்த்தபோது அப்பாவும் மயூரதன் அண்ணையும் கிளையை விலக்கி அதைக் கண்டார்கள். மறுநாள் காலை தோட்டத்துக்குப் புறப்படும்போது அப்பா என்னிடம், "பிள்ளை, வளைவிலை உந்த வயர் தொய்ஞ்சு கிடக்குது. சும்மா போனால் முட்டாது, காவடிக் கை உயர்ந்தால் முட்டும். கறண்டுக் கந்தோருக்கு எடுத்து ஒருக்காச் சொல்லிவிடு" என்றார். அப்பாவுடைய போன் பழுதாகியிருந்தது. என்னிடம் போன் இருந்தது.

அதன் பின்னர் நான் சமைத்தேன். உடுப்புத் தோய்த்தேன். எடுக்கவேண்டும் என்ற நினைப்பு எனக்கு முழு நேரமும் இருந்தது. மறக்கவில்லை. என்ன சொல்வதென்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு மின்சாரக் கந்தோருக்கு எடுத்தேன். ஒரு ஆண் குரல், "வணக்கம், சொல்லுங்கோ" என்றது. எனக்குச் சொல் வரவில்லை. அவர் மறுபடியும், "ஹலோ, சொல்லுங்கோ, ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார். நான் அழைப்பை நிறுத்திவிட்டேன். சிறிது நேரத்தில் அதே இலக்கத்திலிருந்து அவர்கள் திருப்பி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. போனைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தலையணைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். அது அடித்து நின்றது. பிறகு இன்னொரு முறை அடித்து நின்றது.

மாலையில் அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, "சொன்னனியே பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா" என்றேன்.

"என்னவாம்?"

"வந்து கட்டுவினமாம்."

இந்த வார்த்தைகள் நான் சொன்னவை. யாரும் சொல்லித் தந்து சொல்லவில்லை. நாளைக்கு எடுத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் எடுத்தால் முதல் நாள் பொய் சொன்னது தெரிந்துவிடும் என்று தோன்றியது. அப்பா விடியப் போய் இருட்டி வருகிறவர், அந்த வளைவுப் பக்கம் அவருக்கு வேலை இல்லை. நான் ஒவ்வொரு நாளும் பால் வாங்க அந்த வழியால்தான் போய் வந்தேன். போகும்போதெல்லாம் கிளைக்குள் பார்த்தேன். அது அப்படியே இருந்தது.

(இவ்விடத்தில் வாக்குமூலம் அளிப்பவர் தண்ணீர் கேட்டார். வழங்கப்பட்டது.)

விசாகத்தன்று காலை மயூரதன் அண்ணை வீட்டு முற்றத்தில் வைத்து லோஜனுக்குச் செடில் குத்தினார்கள். செடில் என்றால் முதுகிலும் காலிலும் குத்துகின்ற கொழுக்கி. நான் சுவர்ணா அக்காவோடு நின்று மஞ்சள் தண்ணீர் கலந்துகொண்டிருந்தேன். பெடியள் லோஜனைப் பகிடி பண்ணினார்கள். "டேய், ஊசி போடவே ஓடி ஒளிச்சனி, உனக்குச் செடிலோ?" என்று ஒருவன் கேட்க, மயூரதன் அண்ணை, "அவன் கத்தினால் கேளாத மாதிரி அடிக்கத்தான் பெரிய மேளமாய்ப் பிடிச்சனான்" என்றார். லோஜனும் சிரித்தான். நான் சிரித்ததை மயூரதன் அண்ணை கண்டு, "பாருங்கோ, கேதீஸ் அண்ணையின்ரை மகள் சிரிக்கிறாள். இனி வாய் திறந்து கதைச்சாளெண்டால் இண்டைக்கு மழைதான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

அதன் பின்னர் அவர் என் கையிலிருந்த வாளியை வாங்கப் பக்கத்தில் வந்து, மெதுவாக, "தங்கச்சி, வளைவிலை உந்த வயரைக் கட்டிட்டினம் என்ன?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

அவர் கேட்டதையும் நான் தலையாட்டியதையும் யாரும் காணவில்லை. சுவர்ணா அக்கா குனிந்து வேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். இது எனக்கும் இறந்தவருக்கும் மட்டும் தெரிந்த விடயம்.

காவடி வரும் பாதையில், ஆடி வருகிறவர்களுக்குக் கால் சுடாமல் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். வளைவில் ஊற்றுகின்ற பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. நான் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து வளைவு முழுவதும் ஊற்றினேன். நன்றாக ஊற்றினேன். தார் ஒழுங்கை கறுத்து மினுங்கியது.

பிறகு மேளச் சத்தத்தோடு காவடி வந்தது. முன்னால் ஒருவர், தாழ்ந்த கம்பிகளைத் தூக்கிப் பிடிப்பதற்காகக் கவர்த்தடியோடு வந்தார். மயூரதன் அண்ணை வெறுங்காலோடு பெட்டியின் பின்பக்கமாக நடந்து வந்தார். வளைவு வந்ததும் தடி பிடித்தவர் திரும்பி, "கேதீஸ் அண்ணை, இதிலை வயரைத் தூக்கவோ?" என்று கத்திக் கேட்டார். அப்பா, "வேண்டாமடாப்பா, அது பிள்ளை சொல்லிக் கட்டியாச்சு. நீ முன்னாலை நட" என்றார்.

அது எனக்குக் கேட்டது. நான் வாளியோடு லான்ட்மாஸ்ரருக்குப் பக்கத்தில் போனேன். அப்பாவுடைய முழங்காலைத் தொடக்கூடிய தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தது, பெடியள் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள், அப்பா என்னைக் கண்டு, நான் காவடி பார்க்க வந்தேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் பின்னுக்கு வந்துவிட்டேன். வேலியோடு நின்று, "முருகா, முட்டாமல் பாத்துக்கொள்" என்று கும்பிட்டேன். நான் செய்யவேண்டிய வேலையை முருகனிடம் கொடுத்துவிட்டு நின்றேன்.

அதன் பின்னர் லோஜன் வேலியில் முட்டாமலிருக்கக் காவடிக் கையை உயர்த்தினார்கள். உயர்த்தும்போது கை ஆடும். அதை நிலைப்படுத்த மயூரதன் அண்ணை பின்பக்க இரும்புக் குழாயைக் கையால் பிடித்தார். வேப்பங் கிளைக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஈரச் சீலை உதறுவது போன்ற சத்தம். மயூரதன் அண்ணை கத்தவில்லை. குழாயைப் பிடித்தபடி நின்றார். ஆடுகிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள். தடி பிடித்தவர் ஓடிவந்து கம்பியைத் தட்டிவிட்ட பிறகுதான் அவர் விழுந்தார். மேளம் நின்றது.

லோஜன் குப்புறத் தொங்கியபடியால் அவனுக்குப் பின்னால் நடந்தது எதுவும் தெரியவில்லை. அவன், "அண்ணை, ஏன் மேளத்தை நிப்பாட்டினவங்கள்? அடிக்கச் சொல்லு" என்றான். "அண்ணை, அடிக்கச் சொல்லு" என்று அவன் திரும்பவும் சொன்னான். அவனை இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

மயூரதன் அண்ணையைத் தூக்கும்போது அவருடைய உள்ளங்காலில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்ததைக் கண்டேன். அது நான் ஊற்றிய தண்ணீரில் போட்ட வேப்பிலை.

சுவர்ணா அக்காவோடு நானும் வான் வண்டியில் ஆசுப்பத்திரிக்குப் போனேன். அவர் மஞ்சள் சேலை உடுத்திருந்தார். வண்டியில் ஏறும்போது நான் அவருக்குப் பின்னால் ஏறினேன். சேலை சுத்தமாக இருந்தது. அங்கே, அண்ணையின் உயிர் முன்னமே போய்விட்டது என்று டொக்டர் வந்து சொன்னார். அதைக் கேட்டு வாங்கில் இருந்துவிட்ட அக்கா, வெகுநேரத்துக்குப் பிறகு எழும்பியபோதுதான் சேலையில் மாதவிலக்குக் கறை இருந்தது. நான் எனது துப்பட்டாவைக் கழற்றி அவருடைய இடுப்பில் கட்டிவிட்டேன். இதைச் சொல்வதற்காகத்தான் பெண் உத்தியோகத்தர் வேண்டுமென்று கேட்டேன். இது ஏன் தேவை என்பதை இனிச் சொல்கிறேன்.

செத்தவீட்டிலும் பிறகு எட்டாம் நாள் எட்டுச் செலவன்றும் எல்லோரும் இது முருகனுடைய செயல் என்றே கதைத்தார்கள். கம்பியைக் கட்டிவிட்டுப் போன பிறகு அது காற்றுக்கு மறுபடி இறங்கியிருக்கவேண்டும் என்று அப்பா மரண விசாரணையில் சொல்லியிருந்தார். என் பேச்சை நம்பித்தான் அப்படிச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கோயில் சபைத் தலைவர் செல்வநாயகம் ஐயா முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "அந்தரத்திலை தொங்கினவனுக்கு ஒரு கீறலும் இல்லை. நிலத்திலை நிண்டவனை எடுத்திட்டான். முருகன் காரணமில்லாமல் செய்வானே? இந்த வீட்டிலை ஏதோ துடக்கு இருந்திருக்கு" என்றார். லான்ட்மாஸ்ரரின் சில்லு றப்பர், லோஜன் தொங்கியது காய்ந்த கயிற்றில், ஒழுங்கை மட்டும் ஈரம் என்று, சாவுக்குப் பிறகு கம்பியைக் கட்ட வந்த கந்தோர் ஆட்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதை யாரும் கதைக்கவில்லை.

அன்று குசினியில் பெண்கள், பெண்சாதிதான் சுத்தமில்லாமல் காவடிக்குத் தண்ணீர் கலந்தவளாம் என்று கதைத்தார்கள். ஆசுப்பத்திரியில் யாரோ சேலையைக் கண்டிருக்கிறார்கள். சுவர்ணா அக்கா அடுத்த அறையில் இருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் அண்ணையின் படத்துக்குக் கிட்டப் போகவில்லை. விளக்கை மாமியார்தான் கொளுத்தினார். அக்கா வாசற்படிக்கு வெளியே இருந்து பார்ப்பார். காலையிலும் மத்தியானத்திலும் கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்பார். ஒரு நாள் நான் அவர்களுக்கும் பால் வாங்கிக்கொண்டு போனபோது ஈரத் தலையோடு என் கையைப் பிடித்து, "தங்கச்சி, நீதானே துப்பட்டா கட்டிவிட்டனி. எனக்கு எப்ப வந்தது? வீட்டிலை நிக்கேக்கையே வந்திட்டுதோ? எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. நான்தான் அவரைக் கொண்டுபோட்டனோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா, ஆசுப்பத்திரியிலைதான்" என்றேன். அதை மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சத்தையும் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சொல்லாமல் பால் போத்தலை வைத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து என் போன் அடித்தால் அது தலையணைக்குக் கீழிருந்து அடிப்பது போலக் கேட்கிறது. போனை நிறுத்தி வைத்தாலும் கேட்கிறது. முற்றத்துக்குத் தண்ணீர் தெளிக்கப் போனால், தெளித்த இடத்தில் யாரோ வெறுங்காலோடு வந்து நிற்பார்கள் போலிருக்கிறது. அதனால் தெளிப்பதில்லை. யாராவது ஏதாவது கேட்டால் என் தலை தானாக ஆடிவிடுமோ என்று பயந்து கழுத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அப்பா காவடிக் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நட்டுக் கழற்றுகின்ற சாவியைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார். பிறகு, "நீ சின்னப்பிள்ளை. அவன்ரை விதி முடிஞ்சுது. முருகன் நினைச்சதை நீ தடுத்திருப்பியே? இனி உதை ஆரிட்டையும் கதையாதை" என்றார்.

நான், "கந்தோரிலையிருந்து திருப்பி எடுத்தவை அப்பா. நான்தான் எடுக்கேல்லை. அதை முருகன் செய்யேல்லை" என்றேன். அப்பாவிடம் நான் எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் முறை. அவர் கோபிக்கவில்லை. அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, "நானும் ஒருக்கா அண்ணாந்து பாத்திருக்கலாம்" என்றார். அவர் பார்க்காததை அவர் தனது வாக்குமூலத்தில் சொல்வார். அதற்காகத்தான் வெளியே இருக்கிறார். அதனால் என்னுடையது குறையாது.

இந்த இடத்தில் உத்தியோகத்தர், சம்பவம் எதிர்பாராத விதமாக நிகழ்ந்தது என்று எழுதட்டுமா, வழக்கமாக அப்படித்தான் எழுதுவது என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். நான் எதிர்பார்த்தேன். அந்த வளைவில் வாளியோடு நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் முருகனைக் கும்பிடுகிறவள், இனியும் கும்பிடுவேன். ஆனால் இதில் அவருடைய பெயரை எழுதவேண்டாம்.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் சுவர்ணா அக்கா வீட்டுக்குப் போய்ப் படலையடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த பிறகு, "அவர் உன்னட்டைக் கேட்டவரே?" என்றார்.

"ஓம்."

"நீ தலையாட்டினனி."

"ஓம் அக்கா."

அவர் படலையைச் சாத்தினார். "போ. இனி இந்தப் பக்கம் வராதை" என்றார். மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்கின்ற பாரத்தையும் அவருக்குக் கொடுத்திருப்பேன்.

நான் உடனே போகவில்லை. வேலியோடு நின்றேன். அவர் வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றார். கிணற்றடிக்குப் போகவில்லை. பிறகு படியைத் தாண்டி உள்ளே போனார். நெருப்புக்குச்சி உரசுகின்ற சத்தம் கேட்டது. மயூரதன் அண்ணையின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அதன் பின்னர் அவர் அழுகின்ற சத்தம் கேட்டது. செத்தவீட்டன்றுகூட அவர் அப்படி அழுததை நான் கேட்கவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கந்தோரிலிருந்து வந்த, நான் எடுக்காத அழைப்புகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. போனை உத்தியோகத்தரிடம் ஒப்படைத்துள்ளேன். யாரும் என்னை வற்புறுத்தி அழைத்துவரவில்லை. எழுதியது எனக்கு உரத்து வாசித்துக் காட்டப்பட்டது. இது சரிதானா என்று உத்தியோகத்தர் கேட்டபோது தலையாட்டாமல், சரி, இவை யாவும் உண்மை, என்று வாயால் சொல்லிக் கையொப்பமிடுகிறேன்.

கே. தனுசியா